புல்லட்டின் மூச்சுக்குழாய்

கூடுவாஞ்சேரியிலிருந்து மேற்கே போனால் ஒரகடம். ராயல் என்ஃபீல்டு அங்கே 2013-இல் ஆலை தொடங்கியது. அங்கிருந்து வரும் வண்டிகள் ஆயில் சொட்டுவது அபூர்வம். டீக்கடை வாசலில் கறுப்பு வட்டம் போட்டுவிட்டுப் போகிறவை பெரும்பாலும் திருவொற்றியூரில் பிறந்தவை. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ரெட்டிச் நகரத்து ஆங்கிலேய ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, பிறகு திருவொற்றியூரில் புல்லட் கட்டத் தொடங்கியது. அந்த இரும்பு சிலிண்டர் எஞ்சின், அடிப்படை மாறாமல், 2010 வரை தாக்குப்பிடித்தது.

சொட்டுக்கு எல்லோரும் முதலில் பேக்கிங்கைத்தான் திட்டுவார்கள். எனக்கென்னவோ காற்றின் மேல்தான் முதல் சந்தேகம்.

ஒரே பிஸ்டன், விட்டம் 70 மி.மீ., ஓட்டம் 90 மி.மீ. அது ஏறும்போது மேலே இருக்கும் பெட்ரோல் கலவையை அழுத்துவது நமக்குத் தெரியும். இறங்கும்போது கிராங்க் கேஸுக்குள் இருக்கும் காற்றையும் அழுத்துகிறது. 3000 ஆர்.பி.எம். வேகத்தில் வினாடிக்கு 50 தடவை, தடவைக்கு 346 சி.சி. இடத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு ஏற இரண்டு இறங்க, காற்று உள்ளேயே இடம் மாறிக்கொள்ளும். ஒற்றை பிஸ்டனில் அது வெளியே போயாக வேண்டும்.

போகும் வழிதான் பிரீதர். அதன் நுனியில் வாத்தின் அலகுபோல் தட்டையாக ஒட்டிய சிறு ரப்பர் வால்வு. பிஸ்டன் இறங்கும்போது அலகு திறந்து காற்றைத் துப்பும், ஏறும்போது மூடிக்கொள்ளும். போன காற்று திரும்பி வர முடியாது. அதனால் ஆரோக்கியமான புல்லட்டின் கிராங்க் கேஸில் சராசரி அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஆயில் கசிவதைவிடக் காற்று உள்ளே இழுபடவே வாய்ப்பு அதிகம். ரப்பர் காய்ந்து விறைத்தாலோ குழாய் மடங்கினாலோ கதை தலைகீழ்: டேப்பெட் கவர், சிலிண்டர் அடி, டைமிங் கவர் என்று கிடைத்த இடுக்கிலெல்லாம் ஆயிலைப் பிதுக்கும். ரிங் தேய்ந்திருந்தால் எரிந்த வாயுவும் கீழே இறங்கிச் சேர்ந்துகொள்ளும். இந்த நிலையில் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் காசுதான் வீண்.

பேக்கிங்குக்கும் நிம்மதி இல்லைதான். சிலிண்டர் இரும்பு, ஹெட்டும் கிராங்க் கேஸும் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் சுமார் இரண்டு மடங்கு விரியும். ஏப்ரல் வெயிலில் ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் ஊர்ந்தால் ஃபின்களுக்கு எதிர்க்காற்றே கிடையாது. மாமல்லபுரம் தாண்டி ஈ.சி.ஆரில் விட்டால் காற்று தாராளம். இப்படிச் சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் இரண்டு உலோகமும் ஒன்றின் மேல் ஒன்று இழைந்து நடுவிலிருக்கும் பேக்கிங்கை அரைக்கும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னே தள்ளும், கனம் கீழே இழுக்கும். ஈரம் தெரியும் இடத்துக்கு முன்னாலும் மேலேயும் தேட வேண்டும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, உலர்ந்ததும் முகப்பவுடர் தூவி, எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டால் பவுடர் முதலில் எங்கே கறுக்கிறதோ அங்கே ஊற்று. அடுத்து நம் கை தானாக ஸ்பேனரைத் தேடும். அதை அடக்குவது நல்லது. அதிகம் முறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும். கவர் கோணியிருந்தால் முறுக்கிப் பயனில்லை. சமமான கண்ணாடி மேல் எமரி தாளை விரித்து, முகம் முழுக்க ஒரே மாதிரி மினுங்கும்வரை இழைக்க வேண்டும். இடப்பக்க செயின் கேஸில் தனி ஆயில். கவரைப் பிடிப்பது நடுவில் ஒரே நட்டு, ஓரத்தில் ரப்பர் சீல். அந்த நட்டை இறுக்க இறுக்கக் கவர் நடுவில் குழிந்து ஓரம் வாய் திறக்கும், கசிவு கூடும்.

இன்னொரு வகைச் சொட்டு கசிவே அல்ல. இந்த எஞ்சினில் ஆயில் தனி அறையில் இருக்கும். ஒரு பம்ப் அனுப்பும், இன்னொன்று திருப்பி எடுக்கும். வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் ஆயில் அனுப்பும் பம்ப் வழியே மெல்லக் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். ஸ்டிக்கில் அளவு குறைவாகத் தெரிய, உடையவர் மேலும் ஊற்றுவார். மறுநாள் அந்த உபரி பிரீதர் வழியே கொட்டும். வண்டியைச் சூடாக ஓட்டி நிறுத்தி, உடனே அளவு பார்த்தாலே போதும்.