வேகமுள் ஆடினால் மீட்டரை மாற்றலாமா?

திகாம் பத்துவிலிருந்து சுங்கை பட்டாணிக்குச் செல்லும் சாலையில் பழைய புரோட்டோன் சாகாவையும் பெரோடுவா கஞ்சிலையும் இன்றும் காணலாம். பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் தோட்டத்து உறவுகளைப் பார்த்து வரவும் பல குடும்பங்களுக்குக் கைகொடுப்பவை அவைதாம். அத்தகைய காடியில் ஒரு நாள் வேகமானியின் முள் ஆடத் தொடங்குகிறது. 40-க்கும் 80-க்கும் இடையே துள்ளுகிறது. உடனே, "மீட்டர் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டியதுதான்" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இது வீண்செலவு.

உள்ளே நடப்பது என்ன?

1902-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்சே காப்புரிமை பெற்ற முறையில்தான் பழைய மீட்டர்கள் இயங்குகின்றன. கியர் பெட்டியிலுள்ள சிறு பல்சக்கரம் ஒரு கேபிளின் உட்கம்பியைச் சுழற்றுகிறது. ஜப்பானியத் தர அளவின்படி, ஒரு கிலோமீட்டருக்கு 637 சுற்று. அந்தக் கம்பி மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, அருகிலுள்ள அலுமினியக் கிண்ணத்தில் மின்சுழல் எழுந்து கிண்ணத்தைத் திருப்புகிறது. மெல்லிய சுருள்வில் அதைப் பின்னுக்கு இழுக்கிறது. இந்த இழுபறி சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது.

காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆகவே அவை எளிதில் தேய்வதில்லை. வறண்டு போவது கேபிள்தான். கிரீஸ் காய்ந்த கம்பி உறைக்குள் சிக்கி முறுக்கேறுகிறது, பிறகு சட்டென்று விடுபடுகிறது. முள் துள்ளுவது இதனால்தான்.

கோளாறை அறியும் வழி

ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களையும் அதே கேபிள்தான் சுழற்றுகிறது. ஆகவே, முதலில் அந்த எண்களைக் கவனிக்க வேண்டும்.

முள் ஆடினாலும் எண்கள் ஓடிக்கொண்டிருந்தால், கேபிள் வறண்டோ மடிந்தோ இருக்கலாம். முள்ளும் எண்களும் சேர்ந்தே நின்றுவிட்டால், கம்பி அறுந்திருக்கலாம், கேபிளின் முனை கழன்றிருக்கலாம், பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். எண்கள் ஓடும்போது முள் மட்டும் அசையாமல் நின்றால்தான் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும். முள் ஆடாமல், எப்போதும் ஒரே விகிதத்தில் தவறாகக் காட்டினால், டயரின் அளவு மாற்றப்பட்டதா என்று பார்ப்பது நல்லது.

உட்கம்பியை உருவித் துடைத்து, புதிய கிரீஸை மெல்லியதாகப் பூசினால் பல வேளைகளில் முள் அடங்கிவிடும். மீட்டரை ஒட்டிய மேல் முனையில் மட்டும் பூசக்கூடாது. கிரீஸ் மீட்டருக்குள் ஏறி முள்ளை ஒட்டவைத்துவிடும். கம்பியில் பிசிறோ வளைவோ இருந்தால் கேபிளையே மாற்றிவிட வேண்டும்.

கேபிள் இல்லாத பிற்காலக் காடிகளில் சென்சார்தான் வேகத்தை அறிந்து சொல்கிறது. அவற்றில் சென்சாரின் வயர் இணைப்பையும் எர்த் வயரையும் முதலில் சோதிக்க வேண்டும்.

மீட்டரை அவசரப்பட்டு மாற்றுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காடி உண்மையில் ஓடிய தூரம் மறைந்து போகும். பின்னாளில் விற்கும்போது வாங்குபவருக்குச் சந்தேகம் வரும். மாற்றியே ஆகவேண்டுமென்றால், பழைய எண்ணையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்வது நேர்மை.

பழுது பார்க்கும் வரை

ஊகத்தில் ஓட்டுவது ஆபத்து. அருகில் அமர்ந்திருப்பவர் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக் கடிகாரத்தில் கணக்கிடலாம். 3600-ஐ ஒரு கிலோமீட்டர் கடக்க ஆன விநாடிகளால் வகுத்தால் வேகம் கிடைக்கும். 60 விநாடி என்றால் வேகம் 60. 40 விநாடி என்றால் 90. கைப்பேசியின் ஜிபிஎஸ் மூலமும் அவரே பார்த்துச் சொல்லலாம்.

மீட்டர் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது கோளாறு ஆகாது. ஐக்கிய நாட்டு 39-ஆம் விதிமுறை அதை அனுமதிக்கிறது. குறைத்துக் காட்டுவதைத்தான் அனுமதிப்பதில்லை. குறைத்துக் காட்டும் மீட்டரை நம்பிப் போகிறவர், மெதுவாகப் போவதாக எண்ணிக்கொண்டே வேக வரம்பைத் தாண்டிவிடுவார். அபராதம் கட்டினால் தீர்ந்துவிடும். சாலையைக் கடக்கும் குழந்தைக்கு முன்னால் பிரேக் பிடிக்கும்போது அந்தத் தவறுக்கு ஈடு கிடையாது. ஆடும் முள்ளை அலட்சியம் செய்யாதீர்கள். ஆனால், சிகிச்சையைக் கேபிளிலிருந்து தொடங்குங்கள்.