கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே

ரைபிள் ஸ்கோப்பின் பின்பக்கக் கண்ணாடியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தால் காட்சி முழு வட்டமாகத் தெரிகிறதோ, அந்த இடைவெளிக்கு ஐ ரிலீஃப் என்று பெயர். தமிழில் கண் இடைவெளி என்று சொன்னால் போதும். கண் இன்னும் நெருங்கினாலும் சரி, விலகினாலும் சரி, வட்டத்தின் ஓரம் கறுக்கத் தொடங்கிவிடும். சாதாரண ஸ்கோப்புகளில் இந்த இடைவெளி மூன்று, மூன்றரை அங்குலம். தோட்டா வெடித்ததும் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஸ்கோப்பும் கூடவே வருகிறது. தோள் வாங்கிக்கொள்வதற்குள் அது சில சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். இடைவெளி போதாவிட்டால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் மோதி, பிறை வடிவில் வெட்டிவிடுகிறது. துப்பாக்கி பிடிக்கிறவர்களில் பலருடைய புருவத்தின் மேல் அந்தத் தழும்பைப் பார்க்கலாம்.

நாலு தையலில் காயம் ஆறிவிடும். ஆறாதது பயம். ஒருமுறை அடிபட்டவருக்கு அடுத்த முறை விசையை இழுக்கும்போதே கண் தானாக மூடிக்கொள்ளும், தோள் பின்வாங்கும். நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றுக்குப் போகும். வயிற்றில் குண்டு வாங்கிய காட்டுப்பன்றி அங்கேயே விழாது; கரும்புக்குள்ளோ புதருக்குள்ளோ புகுந்து நீண்ட நேரம் துடித்துச் சாகும், அல்லது தேடிப் போகிறவர்மேல் பாயும். ஆகவே கண் இடைவெளியைச் சுடுகிறவரின் சௌகரியம் என்று மட்டும் நினைக்க முடியாது.

இந்தியாவில் பொழுதுபோக்குக்காக வேட்டையாட இடமே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991இல் அதற்கு வந்த திருத்தமும் அந்தக் கதவை அடைத்துவிட்டன. மனித உயிருக்கோ பயிருக்கோ ஆபத்தாகும் விலங்கை, அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு சுடுவதுதான் சட்டம் விட்டுவைத்திருக்கும் முக்கிய வழி. கேரளம் 2022இல் காட்டுப்பன்றி விஷயத்தில் அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. உரிமம் வைத்திருக்கும் துப்பாக்கிக்காரர்கள் அவர்கள் அனுமதியுடன் சுடுகிறார்கள். தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழியை எடுத்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டரைத் தாண்டி வந்தால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். தனியார் யாருக்கும் இந்த அனுமதி இல்லை.

அரக்கோணத்தில் ரயில் ஏறி மேற்கே போனால், காட்பாடியைத் தாண்டியதும் மலைகள் தண்டவாளத்தை நெருங்கத் தொடங்கும். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் நடக்கும் ஊர்களுக்குப் பின்னாலேயே காடு நிற்கிறது. அடிவாரத்தில் நிலக்கடலை போட்டவர்களுக்குக் கொல்லையில் இரவுக் காவல் புதிதல்ல. பன்றிக் கூட்டம் ஒரே இரவில் செடியோடு கிளறிப் போட்டுவிடும். இப்படிப்பட்ட இடத்தில் சுட வேண்டியிருப்பது பெரும்பாலும் அந்தி நேரத்தில், நாற்பது முதல் நூறு மீட்டருக்குள், நகர்ந்துகொண்டே இருக்கும் விலங்கை. வரப்பிலும் மேட்டிலும் மணிக்கணக்காகத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் வேண்டும். என்ன ஸ்கோப் வேண்டும் என்பதை இந்த வேலைதான் முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர் காட்டும் பட்டியலிலுள்ள பெரிய எண் அல்ல.

நடக்கிறவர் இலேசான துப்பாக்கியைத்தான் விரும்புவார். ஆனால் துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதை கூடும். .30-06 தோட்டாவை எடுத்துக்கொண்டால், ஸ்கோப்போடு 4 கிலோ இருக்கும் ரைபிள் வினாடிக்கு ஏறக்குறைய 3.3 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். அதே தோட்டாவை 3 கிலோ ரைபிளில் போட்டுச் சுட்டால் வேகம் 4.5 மீட்டரை நெருங்கும். தோளில் இறங்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. தூக்க இலேசாக இருக்கும் துப்பாக்கிக்குத்தான் கண் இடைவெளி அதிகம் வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. இலேசான ரைபிளை வாங்கிவிட்டு மூன்று அங்குல இடைவெளியுள்ள ஸ்கோப்பைப் பூட்டுவது புருவத்தைப் பணயம் வைப்பதுதான். நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ஸ்கோப்பின் சொந்த எடை. கடைகளில் அதிகம் காணக்கிடைக்கும் 3-9×40 ஸ்கோப் (மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு, 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) 350 கிராம் அளவில் இருக்கும். முன்கண்ணாடி 56 மில்லிமீட்டர், குழாய் 30 மில்லிமீட்டர் என்று போனால் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். இந்தக் கனம் முழுக்கத் துப்பாக்கியின் உச்சியில் போய் உட்காருவதால், தோளில் மாட்டும்போது பக்கவாட்டில் சாயும். சட்டென்று எடுத்துக் குறி வைக்கும்போது தலைகனத்துத் தள்ளாடும். எதிர்ப்பக்கத்தில், அமெரிக்காவின் லூபோல்ட் நிறுவனம் விற்றுவந்த 2.5×20 என்ற சின்ன ஸ்கோப் சுமார் 185 கிராம்தான்; கண் இடைவெளியோ ஏறக்குறைய ஐந்து அங்குலம். உருப்பெருக்கத்தை ஒரே அளவில் நிறுத்தினால், கூட்டிக் குறைக்கும் பாகங்கள் தேவைப்படுவதில்லை. எடை குறைகிறது, கெட்டுப்போகவும் அதிகம் இல்லை. கூட்டிக் குறைக்கும் ஸ்கோப்புகள் பலவற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு: உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட கண் இடைவெளி சுருங்கும். பெட்டியில் போட்டிருப்பது குறைந்த உருப்பெருக்கத்துக்கான அளவாக இருந்தால், உச்ச அளவில் சுடும்போது விளிம்பு முகத்தை நெருங்கியிருக்கும். இரண்டு அளவையும் கேட்டு வாங்க வேண்டும்.

இடைவெளியை இன்னும் நீட்டி, ஸ்கோப்பைக் குழலின் மேலேயே முன்னுக்குத் தள்ளி வைக்கும் முறையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் தங்கள் மவுசர் ரைபிளின் பின்குறி இருக்கும் இடத்தில் இசட்எஃப் 41 என்ற ஒன்றரை மடங்கு ஸ்கோப்பை இப்படித்தான் பொருத்தினார்கள். காட்சிப் பரப்பு மிகக் குறுகலாக இருந்ததால் சிப்பாய்களுக்கு அது பிடிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் இதே யோசனையைத் திருத்தி எடுத்தார். 1983இல் அவர் கூட்டிய ஆலோசனைகளில் வடிவம் பெற்ற ‘ஸ்கவுட் ரைபிள்’ சுமார் 3 கிலோ எடை, ஒரு மீட்டர் நீளம், குழல்மேல் இரண்டு மூன்று மடங்கு ஸ்கோப் என்று அமைந்தது. ஆஸ்திரியாவின் ஸ்டெய்ர் நிறுவனம் 1998இல் அதைத் தயாரித்து விற்றது. இதில் கண் இடைவெளி ஒன்பது அங்குலத்துக்கும் மேல். உதை எவ்வளவு வந்தாலும் முகத்தைத் தொடாது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே சுடலாம். கூட்டத்திலிருந்து பிரிந்து ஓடும் பன்றியை ஒரு கண் ஸ்கோப்பிலும் மறு கண் வெளியிலும் பிடித்துக்கொள்ளும்.

அதற்குக் கொடுக்கும் விலை காட்சிப் பரப்பு. வழக்கமான இடத்தில் வைக்கும் இரண்டரை மடங்கு ஸ்கோப்பில் நூறு மீட்டர் தள்ளி சுமார் 13 மீட்டர் அகலம் தெரியும். அதே இரண்டரை மடங்கு ஸ்கவுட் ஸ்கோப்பில் தெரிவது 7 மீட்டர் சொச்சம். இன்னொரு குறையும் உண்டு. முன்னுக்குத் தள்ளிய ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவே திறந்த வெளி இருப்பதால், முதுகுக்குப் பின்னால் சூரியன் தாழ்ந்திருக்கும் மாலையில் பின்கண்ணாடியில் வெயில் பட்டுக் காட்சி வெளிறிப்போகும். பன்றி வெளியே வருவது அந்த நேரத்தில்தான். வேறு வழி இருக்கும்போது ஸ்கவுட் முறையைவிட ஐந்து அங்குல இடைவெளியுள்ள சிறு ஸ்கோப்பே மேல்.

வேறு வழி இல்லாத துப்பாக்கிகளும் உண்டு. .303 தோட்டா தனியாருக்குத் தடை என்பதால், இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை லீ என்ஃபீல்டு அமைப்பிலேயே .315 தோட்டாவுக்கு ஒரு ரைபிளைச் செய்தது. உரிமம் வைத்திருக்கும் இந்தியர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த துப்பாக்கி அது. திறந்த குறியில் சுடவே அது செய்யப்பட்டது. லீ என்ஃபீல்டில் ஸ்கோப் வைக்க அந்தக் காலத்து ராணுவமே பக்கவாட்டில் தனிப் பிடி செய்து பூட்ட வேண்டியிருந்தது. உடலில் துளை போடாமல், பின்குறியைக் கழற்றிய இடத்தில் பிடியைப் பொருத்தி நீண்ட இடைவெளி ஸ்கோப்பை வைப்பது அதற்குச் சுலபமான தீர்வு. எதுவானாலும் அந்த வேலையை உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஏலகிரி மலைச் சிறுத்தையைப் பற்றி எழுதிய வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சனின் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். வெற்றுத் தோட்டாவை மேல்நோக்கித் துப்பும் துப்பாக்கி அது. நடுவில் ஸ்கோப் வைத்தால் தோட்டா அதில்தான் மோதும். ஆண்டர்சன் குழலோடு டார்ச்சைச் சேர்த்துக்கொண்டு பரணில் உட்கார்ந்தார். அப்படிப்பட்ட துப்பாக்கிக்கும் இன்று முன்னுக்குத் தள்ளிய ஸ்கோப் பொருந்தும்.

உருப்பெருக்கத்தில்தான் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒன்பது மடங்கு என்றதும் மனம் அதில் போய் விழுகிறது. முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் கண்ணாடியை ஒன்பது மடங்கில் வைத்தால் 4.4. 20 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டரை மடங்கில் 8. இருட்டில் மனிதக் கண்மணி ஐந்திலிருந்து ஏழு மில்லிமீட்டர்வரை விரிகிறது. வயது ஏற ஏற அந்த விரிவு குறையும். ஆக, அந்தியில் சின்ன ஸ்கோப் கண்ணை முழுக்க நிரப்பிவிடுகிறது, ஒன்பது மடங்கால் முடியவில்லை. ஒளிக்கற்றை அகலமாக இருந்தால் கண் கொஞ்சம் இப்படி அப்படி விலகினாலும் காட்சி அணையாது. நூறு மீட்டருக்குள் சுடுகிறவருக்கு நான்கு மடங்குக்கு மேல் தேவை வருவது அபூர்வம்.

கடையில் சோதிப்பதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. காலித் துப்பாக்கியில் ஸ்கோப்பை இறுக்காமல் வைத்துக் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். வழக்கம்போல் தோளில் பதித்து, கன்னத்தைப் பின்கட்டையில் சாய்த்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். முழு வட்டம் தெரிந்தால் இடம் சரி. கறுப்புப் பிறை தெரிந்தால், கழுத்தை நீட்டிச் சரிசெய்யாமல் ஸ்கோப்பைத்தான் நகர்த்த வேண்டும். வயலுக்குப் போடுகிற அதே சட்டையோடு இதைச் செய்வது முக்கியம். நின்று பார்த்தது போதாது; படுத்தும், மேட்டை நோக்கிச் சாய்ந்தும் பார்க்க வேண்டும். படுக்கும்போதும் மலைச்சரிவில் மேல்நோக்கிச் சுடும்போதும் தலை முன்னே ஊர்ந்து வந்துவிடும். புருவம் அடிபடுவது இந்த நிலைகளில்தான் அதிகம். ஸ்கோப்பின் உள்ளே ஈரம் புகாமல் நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பார்கள். வாங்கிய பின், ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் அதை முக்கிப் பார்க்கலாம். ஏதோ ஒரு மூட்டிலிருந்து குமிழி தொடர்ந்து வந்தால் அடைப்பு சரியில்லை. முதல் மழையில் உள்ளே பனி படரும்.

திறந்த குறிக்காகச் செய்த பின்கட்டை தாழ்ந்திருக்கும். ஸ்கோப் வைத்ததும் கண் மேலே போக வேண்டியிருப்பதால் கன்னம் மரத்தைவிட்டு எழும்பிவிடும், தலைக்குப் பிடிமானம் போய்விடும். இதற்குக் கயிறு கோத்துக் கட்டும் தோல் மெத்தை ஒன்று போதும். ஷூவின் மேல்பகுதியைத் தைக்கத் தெரிந்த ஆம்பூர்க் கைகளுக்கு அது அரைமணி வேலை. ஆனால் துப்பாக்கியைத் தோல் உறையில் வைத்துப் பூட்டிவிடக் கூடாது. ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதப்படுத்திய தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதிலுள்ள துவர்ப்பும் அமிலமும் சேர்ந்து எஃகைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்கள் அலுமினியமாக இருந்தால் எடை மிச்சம். ஆனால் திருகுகளை ஒரே பக்கம் முறுக்காமல் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்க வேண்டும். பிறகுதான் சுடுதளத்தில் ஜீரோ செய்வது, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருத்துவது. பல ஸ்கோப்புகளில் திருத்தும் திருகின் ஒரு கிளிக் நூறு மீட்டரில் குண்டை ஏழு மில்லிமீட்டர் நகர்த்தும். ஒற்றைக் குண்டை நம்பித் திருகாமல், மூன்று குண்டு விழுந்த இடத்தின் நடுவைப் பார்த்துத் திருத்த வேண்டும். சரியான பின், வளையமும் குழாயும் சேருமிடத்தில் பெயின்ட்டால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடலாம். கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். வளையத்தில் உள்ள கோடும் குழாயில் உள்ள கோடும் விலகியிருந்தால் உதையில் ஸ்கோப் நழுவியிருக்கிறது. மறுபடி சுடுதளத்துக்குப் போய் வரும்வரை அந்தத் துப்பாக்கி வயலுக்குப் போகக் கூடாது.