அரண்மனை ஆயா



‘ஆயா’ என்றால் யார் என்று உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போன பால்வெட்டுத் தாய்மார்கள், தூக்கம் கலையாத கைக்குழந்தையை ஆயா கொட்டகையில் ஒப்படைத்துவிட்டுத்தான் வாளியும் காண்டாவும் எடுத்துக்கொண்டு நிரைக்குப் போனார்கள். யோங் பெங் வட்டாரத்தில் பால்மரம் நின்ற இடங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. கொட்டகைகள் பலவும் இல்லாமற் போயின. ஆனாலும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சேலைத் தொட்டிலின் ஆட்டமும், தட்டில் வைத்த கஞ்சியும், அதட்டிக்கொண்டே ஊட்டிவிட்ட ஆயாவின் குரலும் அவர்கள் நினைவில் இருக்கும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் மொழியில் ‘ஆய்’, ‘ஆயி’ என்றால் தாய். சில ஊர்களில் பாட்டியை ‘ஆயா’ என்பார்கள். ஆனால் பிள்ளை பார்க்கும் வேலைக்காரிக்கு ஏற்பட்ட ‘ஆயா’ என்ற பெயர் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. அந்த மொழியில் அது உயர்குடிப் பிள்ளைகளையும் அரசகுமாரர்களையும் வளர்த்து, நடை உடை பழக்கும் பெண்ணைக் குறிக்கும். போர்த்துக்கீசியரோடு இந்தியக் கரையில் இறங்கிய சொல், வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த இந்தியப் பெண்களுக்குப் பெயராயிற்று. பிறகு கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. ஆக, நம் கொட்டகையில் புழங்கியது ஓர் அரண்மனைச் சொல்!

தமிழில் அதற்கு ‘செவிலித்தாய்’ என்ற அழகிய பெயர் உண்டு. சங்க காலத்து அகப்பாடல்களில் பெற்ற தாயைவிடச் செவிலித்தாய்தான் அதிகம் பேசுகிறாள். தலைவி காதலனோடு புறப்பட்டுப் போய்விட்டால் பாலைவழியில் தேடிக்கொண்டு போகிறவளும் அவளே. தலைவியின் உயிர்த்தோழியாக வருகிறவள் அந்தச் செவிலியின் மகள்தான் என்று தொல்காப்பியம் சொல்கிறது. செவிலிக்கும் சொந்தப் பிள்ளை ஒன்று உண்டு, அதுவும் அதே வீட்டில், அதே மடியில் வளர்ந்தது என்பதை இங்கே கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொல்லப்போகும் கதையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

வட இந்தியாவில், இன்றைய ராஜஸ்தானத்தில், மேவார் என்றொரு நாடு இருந்தது. சித்தோர் மலைக்கோட்டை அதன் தலைநகரம். 1527-ஆம் ஆண்டு கான்வா என்ற இடத்தில் பாபரோடு போரிட்டுத் தோற்ற ராணா சாங்கா அந்நாட்டு மன்னர். அவர் 1528-இல் இறந்தார். அதன்பிறகு மேவாருக்குக் கெட்ட காலம். 1535-இல் குஜராத் சுல்தான் பகதூர்ஷா சித்தோரைப் பிடித்தபோது, ராணி கர்ணாவதி மற்றப் பெண்களோடு தீக்குளித்து இறந்தாள். அவளுடைய இளைய மகன் உதயசிங். தாயும் தந்தையும் இல்லாத அந்தச் சிறுவனை வளர்த்தவள் பன்னா என்ற செவிலித்தாய். அந்நாட்டு வழக்கில் ‘பன்னா தாய்’. அங்கே ‘தாய்’ என்றால் பாலூட்டி வளர்ப்பவள் என்று பொருள். நமக்கு அந்தச் சொல் தரும் பொருளை நாம் சொல்லவா வேண்டும்!

அப்போது அரியணையில் இருந்தவன் உதயசிங்கின் அண்ணன் விக்ரமாதித்யன். நல்ல அரசன் என்று பெயர் எடுத்தவன் அல்லன். பிரபுக்களை அவமதித்து எல்லாரையும் பகைத்துக்கொண்டான். அரச குடும்பத்தைச் சேர்ந்த பன்வீர் என்பவன் 1536-இல் அவனைக் கொன்றான். பன்வீர் சாங்காவின் அண்ணன் மகன். ஆனால் முறைப்படி மணந்த மனைவிக்குப் பிறக்காதவன். அதனால் அரியணையில் அவனுக்கு உரிமை கிடையாது. உரிமை உள்ளவன் ஒருவன்தான் மீதி. அவன் பன்னாவின் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அன்றிரவு நடந்ததை ஜேம்ஸ் டாட் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். மேவாரில் பணியாற்றி, அங்குள்ள பாணர்களிடமும் ஏடுகளிலும் கேட்டுத் திரட்டிய செய்திகளை 1829-இல் நூலாக வெளியிட்டவர் அவர். அவர் சொல்வது இது: பிள்ளை சாப்பிட்டுத் தூங்கிவிட்டது. அந்தப்புரத்திலிருந்து அலறல் கேட்டது. மீந்த உணவை எடுக்க வந்த வேலைக்காரன், அரசன் கொலையுண்ட செய்தியைச் சொன்னான். அடுத்த பலி யார் என்று பன்னாவுக்குப் புரிந்துவிட்டது. தூங்கும் இளவரசனை ஒரு பழக்கூடையில் கிடத்தி, மேலே இலைகளைப் பரப்பி, அந்த வேலைக்காரனிடமே கொடுத்துக் கோட்டைக்கு வெளியே அனுப்பினாள். தன் சொந்தப் பிள்ளையைத் தூக்கி இளவரசனின் படுக்கையில் கிடத்தினாள். பன்வீர் வாளோடு வந்து ‘எங்கே?’ என்று கேட்டபோது அவளுக்கு வாய் எழவில்லை. கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

அந்தப் பிள்ளையின் பெயர் சந்தன் என்பது வழிவழி வந்த செய்தி. டாட் பெயரைக் குறிப்பிடவில்லை. ‘செவிலியின் பிள்ளை’ என்பதோடு சரி.

அரண்மனை வேலைக்காரிக்கு அந்தப் பிணத்தின்மேல் விழுந்து அழவும் வழியில்லை. ‘என் மகனே’ என்று ஒரு சொல் வாயில் வந்துவிட்டால் கூடையின் பின்னால் குதிரைகள் பறந்துவிடும். இளவரசனுக்காக அழுவது போலத்தான் அழ வேண்டும். ஈமக்கடன் முடிந்ததும் அவள் புறப்பட்டுப் போய், நகருக்கு மேற்கே ஆற்றங்கரையில் காத்திருந்த கூடையை அடைந்தாள்.

பிறகு அலைச்சல். தேவலியாவில் இடம் கேட்டாள். அங்கிருந்தவர்கள் பன்வீருக்குப் பயந்தார்கள். டூங்கர்பூரிலும் அதே பயம். ஆரவல்லி மலைவழியே, மலைவாழ் பில் மக்களின் துணையோடு கும்பல்கட் கோட்டைக்குப் போனாள். கோட்டைக் காவலர் ஆஷா ஷா என்ற சமணர். அவரும் முதலில் தயங்கினார். அவருடைய தாயார்தான் அதட்டி ஏற்றுக்கொள்ளச் செய்தார் என்பது செய்தி. உதயசிங் அவருடைய அண்ணன் மகன் என்ற பெயரில் அங்கே வளர்ந்தான். பன்னாவோ, தான் உடனிருந்தால் யாருக்கேனும் சந்தேகம் வரும் என்று அவனையும் விட்டுவிட்டு வெளியேறினாள். பெற்ற பிள்ளை போய், வளர்த்த பிள்ளையும் கண்ணில் படாத நாட்கள் அவை. வாளுக்கு முன் நின்ற அந்த ஒரு நொடியைத்தான் கதை சொல்லுகிறவர்கள் பெரிதாகச் சொல்வார்கள். நமக்கோ இந்த வெளியேற்றம்தான் அதிகம் வலிக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து உண்மை வெளிப்பட்டது. வணிகர் வீட்டுப் பிள்ளைக்கு இத்தனை மிடுக்கா என்று வந்துபோன பிரபுக்கள் ஐயப்பட்டார்களாம். பன்னாவும் கூடை சுமந்தவனும் சாட்சி சொன்னபின் பிரபுக்கள் உதயசிங்கை ஏற்றுக்கொண்டனர். 1540-இல் பன்வீரை விரட்டிச் சித்தோர் அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டு பிறந்த அவர் மகன்தான் பின்னாளில் அக்பரை எதிர்த்து நின்ற ராணா பிரதாப். உதயப்பூர் என்ற ஏரி நகரம் உதயசிங்கின் பெயரால் எழுந்தது.

இனி ஒரு கணக்கு. வீட்டில் ஆறாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் அழைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு உதயசிங்குக்கு ஏறத்தாழ ஆறு வயது என்கிறார் டாட். தந்தை சாங்கா இறந்தது 1528-இல். கொலை நடந்தது 1536-இல். தந்தை இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின் மகனுக்கு ஆறு வயது இருக்க முடியுமா? முடியாது. உதயசிங் பிறந்தது 1522-இல் என்பது இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் கணக்கு. அப்படியானால் அவனுக்குப் பதினான்கு வயது. பதினான்கு வயதுப் பையனைப் பழக்கூடையில் கிடத்தி இலையால் மூட முடியுமா? உங்கள் வீட்டுப் பையனை நினைத்துப் பாருங்கள்!

அதனால் கதை முழுவதும் பொய் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. அண்ணன் கொலையுண்டான்; தம்பி தப்பினான்; கும்பல்கட்டில் மறைந்து வளர்ந்து அரசனானான். இவை வரலாறு. செவிலி ஒருத்தி அவனைக் காப்பாற்றினாள் என்பதை மேவார் மக்கள் விடாமல் சொல்லி வந்திருக்கிறார்கள். கூடை, தொட்டில், பால்மணம் மாறாத பிள்ளை ஆகியவை சொல்லுகிறவர் வாயில் வளர்ந்திருக்கக்கூடும். கேட்பவர் நெஞ்சு உருக வேண்டுமானால் பிள்ளை சின்னதாக இருக்க வேண்டுமே.

ராம்குமார் வர்மா என்ற இந்தி எழுத்தாளர் இதை ‘தீப்தான்’ என்ற ஓரங்க நாடகமாக எழுதினார். வட இந்தியப் பள்ளிப் பிள்ளைகள் பலர் அதைப் பாடமாகப் படித்தவர்கள். அதில் பழக்கூடை இல்லை. எச்சில் இலைக் கூடை. இலை எடுக்கும் கீரத் என்பவன் அதைச் சுமந்து போகிறான். இந்த மாற்றம் கெட்டிக்காரத்தனமானது. பழக்கூடையை எந்தக் காவலனும் திறந்து பார்ப்பான். எச்சில் இலைக்குள் யார் கை விடுவார்? வரலாற்றுக் கதை எழுதுகிறவர் செய்கிற வேலை இதுதான். நடந்த நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு, ஏடு சொல்லாமல் விட்ட இடங்களில், இப்படித்தான் நடந்திருக்கும் என்று கேட்பவர் நம்பும்படி நிரப்புகிறார்.

ஆனால் எந்த இடத்தை நிரப்புகிறார் என்று பார்க்க வேண்டும். பன்னாவின் நாட்டுப்பற்றை, ராஜவிசுவாசத்தைப் பக்கம் பக்கமாகப் பாடுகிறார்கள். சந்தனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? வேலைக்காரியின் பிள்ளை அரசன் பிள்ளைக்கு ஈடாகலாம் என்பதை அந்தக் காலம் தன் வழக்கமாகவே வைத்திருந்தது. பன்னாவின் துணிவை நாம் குறைத்துப் பேசவில்லை. பெற்ற வயிற்றைக் கல்லாக்கிக்கொண்டு நின்றவளை யாரால் குறைத்துப் பேச முடியும்? அப்படி ஒரு நிலைமையில் அவளை நிறுத்திய அரண்மனையைப் புகழ நமக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

நமக்குப் பக்கத்திலும் ஓர் அரண்மனை ஆசிரியை கதை உண்டு. ஆனா லியோனோவென்ஸ் என்ற பெண்மணி. கணவர் 1859-இல் பினாங்கில் இறந்தபின், பிள்ளைகளோடு சிங்கப்பூரில் சிறு பள்ளி நடத்தினார். 1862-இல் சிங்கப்பூர் வணிகர் டான் கிம் சிங் வழியாகச் சயாம் அரண்மனைக்கு அழைக்கப்பட்டு, மோங்குட் மன்னரின் பிள்ளைகளுக்கு 1867 வரை ஆங்கிலம் கற்பித்தார். 1870-இல் அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். அதை வைத்து 1944-இல் நாவல் வந்தது, 1956-இல் ஆட்டமும் பாட்டுமாகப் படம் வந்தது. தங்கள் மன்னரைக் கேலிப்பொருளாக்கிவிட்டார்கள் என்று தாய்லாந்து அந்தப் படத்தைத் தடை செய்தது. 1999-இல் மறுபடி எடுத்த படத்துக்கும் அங்கே இடம் கிடைக்காமல் நம் நாட்டில்தான் படம்பிடித்தார்கள்.

அந்த அம்மையார் தாம் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர் என்று கடைசிவரை சொல்லி வந்தார். ஆய்வாளர்கள் தேடியபோது, அவர் 1831-இல் இந்தியாவில் அகமத்நகரில், ஒரு படைவீரரின் மகளாகப் பிறந்தவர் என்று தெரியவந்தது. தாய்வழிப் பாட்டி இந்தியப் பெண்ணாக இருக்கலாம் என்பதும் அவர்கள் கருத்து. அதைச் சொல்லியிருந்தால் அந்தக் காலத்தில் வேலை கிடைத்திருக்காது. அவருக்கு எழுதத் தெரிந்திருந்தது. தம் கதையைத் தமக்கு வேண்டியபடி எழுதிக்கொண்டார். பன்னா எழுதிய எழுத்து என்று ஒன்றுமில்லை. அவளைப் பற்றி உள்ளதெல்லாம் பிறர் சொன்னது. இன்று இரண்டு சமூகத்தார் அவளைத் தங்கள் குலத்தவள் என்று உரிமை கொண்டாடுகிறார்கள். உதயப்பூரில் அரசாங்கத்தின் மகளிர் மருத்துவமனைக்கு அவள் பெயரை வைத்திருக்கிறார்கள்.

நம் கொட்டகை ஆயாமார்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? கிராணியாரின் செக்ரோலில் ஒரு வரியாக இருந்திருக்கும். அந்த ஏடுகளும் தோட்டம் கைமாறியபோது எங்கே போயினவோ. அவர்களில் பலர் தம் பிள்ளைகளைப் பெரிய பிள்ளையின் பொறுப்பில் லயத்தில் விட்டுவிட்டு, பிறர் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டியவர்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்று மாலை கேட்டுப் பாருங்கள். உங்களைத் தூக்கிய ஆயாவின் பெயர் என்ன, அவருக்கு எத்தனை பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று. பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். கேட்ட தேதியையும் சொன்னவர் பெயரையும் மறக்காமல் குறிக்கட்டும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதட்டும்.