உங்களுக்குத் தெரியுமா? எலிக்கு ஒரு நீச்சல் பரீட்சை

● சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் எலிகளும் பரீட்சை எழுதியிருக்கின்றன, தண்ணீரில்! அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் அல்சைமர் மறதி நோய் பற்றிய ஆய்வுகளில் ‘மோரிஸ் நீர்ப்புதிர்’ முறையைக் கையாண்டிருக்கிறார்கள். வட்டத் தொட்டி, கலங்கலாக்கப்பட்ட நீர், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. முதல் நாள் எலி அங்குமிங்கும் நீந்தித் தற்செயலாக அதில் ஏறும். போகப் போக நேராக அங்கேயே போய்ச் சேரும். இந்த முறையை 1981-ல் அறிமுகப்படுத்தியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ரிச்சர்ட் மோரிஸ்.

● அது ஞாபகம்தான், அதிர்ஷ்டம் இல்லை என்று எப்படி நம்புவது? இந்தச் சோதனையின் அழகே இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எலியைத் தொட்டியின் வேறொரு ஓரத்தில் விடுவார்கள். அதனால் ‘இடப்பக்கம் திரும்பு’ என்று மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது. அறையின் கதவு, சுவரில் ஒட்டிய படம் போன்ற அடையாளங்களை வைத்துத்தான் இடத்தைக் கணிக்க வேண்டும். கடைசியில் மேடையையே எடுத்துவிடுவார்கள். நினைவுள்ள எலி, மேடை இருந்த கால்வட்டத்திலேயே சுற்றிச் சுற்றித் தேடும். வெளியே தெரியும் மேடையை வைத்தும் ஒருமுறை பார்ப்பது உண்டு. அதையும் எட்ட முடியாத எலிக்குக் கோளாறு பார்வையிலோ கால்களிலோ இருக்கலாம். மறதி என்று எழுதிவிடக் கூடாது.

● அண்ணாமலைநகர் ஆய்வு ஒன்றில் விஸ்டார் என்ற ஆய்வக வகை எலிகளுக்கு அலுமினியம் குளோரைடை 60 நாள் ஊசியில் செலுத்தினார்கள். மறதி வந்தது. ஆரஞ்சு போன்ற பழங்களில் உள்ள ஹெஸ்பெரிடின் என்ற பொருளையும் சேர்த்துக் கொடுத்த எலிகளுக்குப் பாதிப்பு குறைந்தது. நெல்லிக்காயில் உள்ள டானாய்டு என்ற பொருள்களையும் வல்லாரையில் உள்ள ஆசியாட்டிக் அமிலத்தையும் அதே துறை சோதித்திருக்கிறது. இதைப் படித்ததும் வீட்டு அலுமினியப் பாத்திரத்தைத் தூக்கிப்போட வேண்டாம். அது உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற கணக்கில் போட்ட ஊசி. அதேபோல, எலிக்குப் பலித்தது தாத்தாவுக்கும் பலிக்கும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பவும் வேண்டாம். மனிதர்களிடம் தனியாகச் சோதித்துப் பார்க்கும்வரை அது எலியின் செய்தி மட்டுமே.

● ஆய்வகப் புதிர்ப்பாதைக்கு வித்திட்டவை எலி வளைகள்! அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில், எலிகள் மண்ணுக்குள் அமைத்த வழிகளைப் பற்றிய பேச்சிலிருந்துதான் யோசனை பிறந்தது. இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்துப் புதிர்ப்பாதையை மாதிரியாக வைத்து அங்கிருந்த ஆய்வாளர் வில்லார்ட் ஸ்மால் எலிகளுக்கு ஒன்றைக் கட்டினார். 1901-ல் முடிவுகளை வெளியிட்டார். வளையின் சூட்சுமம் நம் ஊர் இருளர்களுக்குப் பரம்பரை அறிவு. நெல் வயல் வரப்பில் வளையின் வாயைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா என்று சொல்பவர்கள், வளையை வெட்டி எலியோடு அது சேர்த்து வைத்த நெல்லையும் எடுத்தவர்கள்.

● சுண்டெலிக்கு நீச்சல் பரீட்சை அவ்வளவாகச் சரிப்படுவதில்லை. பெரிய எலிகளே இதில் கெட்டி. தண்ணீரே தேவையில்லாத சோதனை ஒன்றை 1979-ல் விஞ்ஞானி கரோல் பார்ன்ஸ் வகுத்தார். வெளிச்சமான வட்ட மேசை, ஓரமெங்கும் துளைகள், ஒன்றின் கீழே மட்டும் ஒளிந்துகொள்ள இருட்டுப் பெட்டி.

● எலியின் மூளையில் ‘நான் இந்த இடத்தில் இருக்கிறேன்’ என்று துடிக்கும் செல்கள் உண்டு. அவற்றை மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் 1971-ல் விஞ்ஞானி ஜான் ஓ’கீஃப் கண்டறிந்தார். 2014-ல் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோருடன் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டார்.

● இந்தியாவில் நினைத்தபோதெல்லாம் எலியைத் தொட்டியில் விட முடியாது. 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் 1998-ல் வந்த விதிகளும் உண்டு. நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். எத்தனை எலிகள், ஏன் அத்தனை என்று ஆய்வாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மூளைத் திசுவை ஆராயும் சோதனைகளில் எலி உயிரோடு திரும்புவதில்லை என்பதால், அந்தக் கேள்விக்கான பதில் ஒவ்வொரு முறையும் கறாராகவே இருக்க வேண்டும்.