ஐஸ்க்ரீம் பையன் கேட்ட கேள்வி

ஒரே மாதிரி இரண்டு பாத்திரம். ஒன்றில் 35 டிகிரி செல்சியஸ் தண்ணீர், இன்னொன்றில் 100 டிகிரி வெந்நீர், அளவு ஒன்றே. இரண்டையும் ஒரே நேரத்தில் ஃப்ரீசரில் வைத்தால் எது முதலில் உறையும்? 'இதென்ன கேள்வி... சூடு குறைந்ததுதான்' என்பீர்கள். தான்சானியாவில் ஒரு பள்ளி மாணவர் 'வெந்நீர்தான்' என்றபோது, வகுப்பே சிரித்தது.

அவர் பெயர் எராஸ்டோ எம்பெம்பா. 1963-ல் மகம்பா என்ற ஊரின் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். அங்கே மாணவர்கள் பாலில் சர்க்கரை போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, ஃப்ரீசரில் வைத்து ஐஸ்க்ரீம் செய்வார்கள். ஃப்ரீசரில் இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. ஒருநாள், இடம் போய்விடுமே என்ற அவசரத்தில் சூடான பாலை அப்படியே உள்ளே வைத்துவிட்டார் எம்பெம்பா. இன்னொரு பையன் காய்ச்சாத பாலை வைத்தான். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால், எம்பெம்பாவின் பால் உறைந்திருந்தது. மற்றது உறையவில்லை!

ஆசிரியரிடம் கேட்டார். 'நீ குழம்பிவிட்டாய், அப்படி நடக்காது' என்பதே பதில். ஐஸ்க்ரீம் விற்கும் நண்பர் ஒருவரோ, தாமும் சூடாகத்தான் வைப்பதாகச் சொன்னார். இரிங்கா நகரில் மேல்படிப்புக்குப் போன பிறகும் எம்பெம்பா விடவில்லை. அங்கிருந்த ஆசிரியர், 'அது எம்பெம்பாவின் இயற்பியல்' என்று கிண்டலடித்தார். அதன்பின் கணக்கில் அவர் தப்பு செய்தாலும், 'எம்பெம்பாவின் கணிதம்' என்று அந்த ஆசிரியர் கேலி செய்தார். வேறொரு பையனாக இருந்தால், ஆயுசுக்கும் கையைத் தூக்கியிருக்க மாட்டான்.

ஒருநாள் டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் பேராசிரியர் தார் எஸ் சலாமிலிருந்து உரையாற்ற வந்தார். எம்பெம்பா எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். பையன் சொல்வது தவறு என்றுதான் ஆஸ்போர்னுக்கும் தோன்றியது. ஆனாலும் கேலி செய்யவில்லை. 'நீயே செய்து பார்த்தாயா?' என்று கேட்டார். 'ஆமாம்' என்றதும், தனக்குக் காரணம் தெரியவில்லை என்றும், ஊர் திரும்பியதும் சோதித்துப் பார்ப்பதாகவும் சொன்னார். பேராசிரியர் ஒருவர் நிறைந்த சபையில் 'தெரியவில்லை' என்பது லேசான காரியமா என்ன!

சொன்னபடி செய்தார். சோதனை செய்த ஆய்வக உதவியாளர், வெந்நீர்தான் முதலில் உறைந்தது என்று சொல்லிவிட்டு, சரியான விடை வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வதாகவும் சேர்த்துக்கொண்டாராம்! 1969-ல் மாணவரும் பேராசிரியரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அறிவியல் இதழில் வெளியானது. இன்று அதற்குப் பெயரே 'எம்பெம்பா விளைவு'.

சரி, காரணம் என்ன? வெந்நீரில் ஒரு பகுதி ஆவியாகிப் போவதால் உறைய வேண்டிய தண்ணீர் குறைகிறது என்கிறார்கள் சிலர். கரைந்திருந்த வாயுக்கள் வெளியேறுவதும், பாத்திரத்துக்குள் நீர் மேலும் கீழும் சுழல்வதும் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். எல்லோரும் ஏற்கும் விடை இன்னும் கிடைக்கவில்லை. 2016-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் கவனமாகச் சோதித்துவிட்டு, இப்படியொரு விளைவு இருப்பதே சந்தேகம் என்றார்கள். தெர்மாமீட்டரை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தாலே முடிவு மாறிவிடலாமாம்.

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இரண்டு எவர்சில்வர் டம்ளர் போதும். கண்ணாடி வேண்டாம், விரிசல் விடும். வெந்நீரை ஊற்றும் வேலை பெரியவர்களுடையது. இரண்டிலும் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். ஃப்ரீசரில் ஒரே தட்டில் வையுங்கள். ஒருமுறை செய்துவிட்டு முடிவு கட்டாமல், டம்ளர்களை இடம் மாற்றி வைத்தும் பாருங்கள்.