அழைப்புக் கடிதமும் மேமோகிராமும்: பிரித்தானிய மார்பகப் புற்றுநோய் முன்கண்டறிதல் திட்டம்

ஆய்வுச் சுருக்கம்

நோயறிகுறி இல்லாத பெண்களை அரசே அழைத்து மேமோகிராம் எடுக்கும் பிரித்தானியத் திட்டத்தின் தோற்றம், செயல்முறை, அதன் பயனைக் கணிப்பதிலுள்ள இடர்ப்பாடு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நன்மையோடு தீங்கையும் எண்களால் எடுத்துரைப்பது அழைப்பவரின் கடமை என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மார்பகப் புற்றுநோய், மேமோகிராம், முன்கண்டறிதல், மிகை நோயறிதல், மார்மட் ஆய்வு

முன்னுரை

வலியோ கட்டியோ தோன்றிய பின் நோயாளி மருத்துவரை நாடிச் செல்வதே வழக்கம். ஒழுங்கமைக்கப்பட்ட முன்கண்டறிதல் திட்டத்தில் இம்முறை தலைகீழாகிறது. எந்தக் குறையையும் உணராத பெண்ணின் வீட்டுக்குக் கடிதம் வருகிறது. தாமே விரும்பி மேமோகிராம் எடுத்துக்கொள்வதற்கும் இதற்கும் கருவியில் வேறுபாடில்லை. பெயர்ப் பதிவேடு, அழைப்பு, தரக் கட்டுப்பாடு, தொடர் சிகிச்சை ஆகியவை ஒரே சங்கிலியாக இணைக்கப்பட்டிருப்பதே வேறுபாடு.

திட்டத்தின் தோற்றம்

நியூயார்க்கில் 1963இல் தொடங்கிய ஆய்வில் 40 முதல் 64 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 62,000 பெண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு மேமோகிராமும் மருத்துவரின் கைப்பரிசோதனையும் வழங்கப்பட்டன. அக்குழுவில் மார்பகப் புற்றுநோய் இறப்பு குறைந்தது. எனினும் குறைவுக்குக் காரணம் படமா, கைப்பரிசோதனையா என்ற ஐயம் எஞ்சியது. சுவீடனின் இரு மாவட்டங்களில் 1977இல் தொடங்கிய ஆய்வு மேமோகிராமை மட்டுமே பயன்படுத்தியது. அழைக்கப்பட்டோரிடையே இறப்பு 31 விழுக்காடு குறைந்ததாக 1985இல் அதன் முடிவு வெளியாயிற்று.

அறுவை மருத்துவர் பாட்ரிக் ஃபாரஸ்ட் தலைமையிலான குழு 1986இல் பிரித்தானிய அரசுக்கு அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1988இல் தேசியத் திட்டம் தொடங்கியது. 50 முதல் 64 வயது வரையுள்ள பெண்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை அழைக்கப்பட்டனர். பின்னர் வயது வரம்பு 70 வரை நீட்டிக்கப்பட்டது. இளம்வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். அடர்திசுவும் கட்டியும் படத்தில் வெண்மையாகவே தெரிவதால் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவது கடினம்.

செயல்முறை

குடும்ப மருத்துவர்களிடம் பதிவு செய்துள்ள பெண்களின் பட்டியலிலிருந்து அழைப்புகள் அனுப்பப்படுகின்றன. மருத்துவமனைகளில் மட்டுமன்றி, பேரங்காடிகளின் வாகன நிறுத்துமிடங்களில் நிற்கும் ஊர்திகளிலும் படம் எடுக்கப்படுகிறது. மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே சில நொடிகள் அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் இரு கோணங்களில் படம் பிடிப்பர். தொடக்க ஆண்டுகளில் ஒரு கோணமே போதும் எனக் கருதப்பட்டது. வல்லுநர் இருவர் தனித்தனியே படங்களைப் பார்க்கின்றனர். நூறு பேரில் நால்வர் மேற்சோதனைக்கு அழைக்கப்படுகின்றனர்; அவர்களுள் ஒருவருக்கே புற்றுநோய் உறுதியாகிறது. எஞ்சிய மூவர் காத்திருந்த நாள்களின் அச்சம் எந்தப் புள்ளிவிவரத்திலும் முழுமையாகப் பதிவாவதில்லை.

பதிவேடு தவறினால் கருவி பயனற்றது. 68 முதல் 71 வயதுடைய ஏறத்தாழ 4,50,000 பெண்களுக்கு இறுதி அழைப்பு சென்றடையவில்லை என 2018 மே மாதம் நலவாழ்வு அமைச்சர் ஜெரமி ஹண்ட் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மறுகணிப்பில் அவ்வெண் வெகுவாகக் குறைந்தது. ஆயினும், அழைப்பு எந்த வயதில் நிற்கிறது என்பதிலேயே பொறுப்பாளர்களிடம் ஒத்த புரிதல் இல்லாதிருந்தமை தெரியவந்தது.

பயனைக் கணித்தல்

முன்னதாகக் கண்டறியப்பட்டவர் நெடுநாள் வாழ்கிறார் என்பதே பயனுக்குச் சான்றாகாது. ஒரு பெண் 65ஆம் வயதில் மார்பகப் புற்றுநோயால் இறப்பதாகக் கொள்வோம். கட்டி 62இல் தெரியவந்தால் அவர் நோயறிந்தபின் மூன்றாண்டுகள் வாழ்ந்தவர். படத்தின்வழி 59இல் தெரியவந்தால் ஆறாண்டுகள் வாழ்ந்தவர். ‘ஐந்தாண்டு பிழைப்பு’ என்னும் அளவுகோலில் அவர் வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். இறந்த நாளோ மாறவில்லை. மேலும், விரைந்து வளரும் கட்டிகள் இரு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் தாமே வெளிப்பட்டுவிடுகின்றன. மெதுவாக வளர்பவையே படத்தில் மிகுதியாக அகப்படுகின்றன. எனவேதான் பிழைப்புக் காலத்தை விடுத்து, சமவாய்ப்பு முறையில் பிரித்த குழுக்களின் இறப்பு எண்ணிக்கையை ஒப்பிட வேண்டியுள்ளது.

மெதுவாக வளரும் கட்டிகளுள் சில, பெண்ணின் வாழ்நாள் முடியும்வரை தீங்கு செய்யாமலே இருந்திருக்கக்கூடும். அவற்றையும் கண்டறிந்து அறுவையும் கதிர்வீச்சும் அளிப்பதே மிகை நோயறிதல். பால் நாளங்களுக்குள் அடங்கிய புற்று இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பரிசோதனையில் அகப்படுபவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இவ்வகையினது. அதில் எது பரவும், எது அடங்கியே கிடக்கும் என்பதை உறுதியாகப் பிரித்தறிய இயலாது. உயிர் காக்கப்பட்ட பெண்ணும் தேவையின்றி மார்பகத்தை இழந்த பெண்ணும் ஒன்றுபோலவே மேமோகிராமுக்கு நன்றி கூறுவர் என்பது இத்துறையின் விசித்திரமான நிலை.

டென்மார்க் ஆய்வாளர் பீட்டர் கெட்சேயும் ஓலே ஓல்சனும் 2000இல் முந்தைய ஆய்வுகளின் தரத்தையே கேள்விக்குள்ளாக்கினர். பிரித்தானியாவில் தொடக்கக்கால மையங்களுள் ஒன்றை நிறுவிய அறுவை மருத்துவர் மைக்கேல் பாம் பின்னாளில் திட்டத்தின் கடும் விமர்சகரானார். கருத்து மோதல் முற்றிய நிலையில் மைக்கேல் மார்மட் தலைமையில் தற்சார்புக் குழு அமைக்கப்பட்டது. 50 வயதுடைய 10,000 பெண்களை இருபது ஆண்டுகள் அழைத்தால் 43 இறப்புகள் தவிர்க்கப்படும், 129 பேர் மிகை நோயறிதலுக்கு உள்ளாவர் என அக்குழு 2012இல் கணித்தது. அதே தரவை ‘இறப்பு 20 விழுக்காடு குறைகிறது’ என்றும் கூறலாம். இரண்டும் பிழையற்றவை. எனினும் 20 விழுக்காடு என்பதை மட்டும் படிப்பவர் தமக்குள்ள வாய்ப்பைப் பன்மடங்கு பெரிதாகக் கருதக்கூடும். 129 என்ற எண் அவர் கண்ணில் படுவதே இல்லை.

மிகை நோயறிதலைத் தெளிவாக உரைக்காமைக்காக முந்தைய துண்டறிக்கைகள் குறைகூறப்பட்டிருந்தன. 2013இல் அது மாற்றியமைக்கப்பட்டது. பரிசோதிக்கப்படும் 200 பெண்களில் ஒருவர் உயிர் காக்கப்படுவார், மூவர் உயிருக்கு ஊறு செய்திராத புற்றுக்குச் சிகிச்சை பெறுவர் என்ற இரு கணக்குகளும் அதன்பின் ஒருசேர அச்சிடப்பட்டன; வருவதும் வராதிருப்பதும் அவரவர் முடிவு என்ற குறிப்பும் உடன் இடம்பெற்றது.