கூடாரத்தில் குளிரில் நடுங்காமல் தூங்க... ஸ்லீப்பிங் பேக் வாங்கும்முன் கவனிங்க!

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் ஊட்டியின் வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கிவிடும். குடும்பத்தோடு கூடாரத்தில் தங்க, வீட்டுப் போர்வை போதாது. ஸ்லீப்பிங் பேக் வேண்டும். அதற்காகப் பெரிய தொகை செலவழிக்க வேண்டியதில்லை. எப்போதாவது செல்பவர்கள் வாடகைக்கே எடுக்கலாம்.

எந்த எண் முக்கியம்?
தரச்சோதனை செய்யப்பட்ட பைகளின் லேபிளில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' என மூன்று அளவுகள் இருக்கும். நிம்மதியாகத் தூங்க 'கம்ஃபர்ட்' எண்தான் கணக்கு. 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் தப்பிக்க மட்டுமே.

உள்ளே என்ன?
வாத்து இறகு எடை குறைவு, விலை அதிகம், நனைந்தால் பயனில்லை. பாலியஸ்டர் பஞ்சு சற்று கனம். ஆனால் விலை குறைவு, ஈரம் பட்டாலும் ஓரளவு கதகதப்பு தரும். காரில் செல்லும் குடும்பத்துக்கு இதுவே போதும்.

தரையை மறக்காதீர்கள்
பை சூட்டை உண்டாக்காது. உடல் சூட்டைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். உடலுக்கு அடியில் பஞ்சு நசுங்கிவிடுவதால், தரைக்குளிர் ஏறும். கீழே ஃபோம் மேட் அவசியம்.

குழந்தைகளுக்கு...
பெரியவர்கள் பையில் காலியிடம் அதிகம், சூடேற நேரமாகும். கால்பக்கத்தை மடித்துக் கட்டிவிடுங்கள். கைக்குழந்தைகளுக்கு இது வேண்டாம். முகம் மூடி மூச்சுத்திணறலாம்.

எச்சரிக்கை!
எவ்வளவு குளிரானாலும் கூடாரத்துக்குள் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.